நெக் கோணியதற்காக நூறு வருஷத் தூணை வாங்கலாமா?

கேள்வி: ஐயா, திருமங்கலத்தில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு எலெக்ட்ரிக் கிட்டார் செய்கிறேன். சித்திரையில் முடித்த கிட்டாருக்குத் தேக்கில் நெக் (கம்பிகள் ஓடும் நீளமான கைப்பிடி) செய்தேன். ‘நன்றாகக் காய்ந்த மரம்’ என்று சொல்லித்தான் மரக்கடையில் கொடுத்தார்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு நெக் முன்பக்கம் வளைந்து, 12-ஆவது ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில்) கம்பி 4 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நெக்குக்குள் வளைவைச் சரிசெய்ய வைக்கும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடை முறுக்கியும் பாதிதான் சரியானது. காரைக்குடியில் இடித்த வீட்டின் பர்மா தேக்குத் தூண் இருக்கிறது, நூறு வருஷம் காய்ந்தது, கோணவே கோணாது என்று ஒரு புரோக்கர் சொல்கிறார். விலைதான் அதிகம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் தம்பி. முதலில் அளவைப் பாருங்கள். ஃபெண்டர் கம்பெனி கிட்டார் பாணியில், தலை சாயாத நெக்குக்கு 27 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குல கனம் போதும். அது ஒரு கன அடியில் இருபதில் ஒரு பங்குகூட வராது. அதற்கு ஒரு முழுத் தூணின் விலையைக் கொடுப்பது பெரிய நஷ்டம்.

அது போக, தூணை முழு அடிமரத்தில்தான் பெரும்பாலும் கடைந்திருப்பார்கள். மரத்தின் நடுமையம் உள்ளேயே இருக்கும். வெடிப்பு அங்கிருந்துதான் வெளியே ஓடும். பாலிஷ் போட்ட தூணில் அது கண்ணுக்குத் தெரியாது, அறுத்த பிறகுதான் தெரியும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும். செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்கு இருந்தது உண்மை. ஆனால் இன்று காரைக்குடிப் பெயரைச் சொல்லி வருவதெல்லாம் அந்த மரம்தான் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. என்னிடம் ரிப்பேருக்கு வந்த ஒரு நெக்கைப் ‘பர்மா’ என்றுதான் விற்றிருந்தார்கள். பின்பக்கம் சுரண்டிப் பார்த்தால் சாயம் பூசிய வெளிறு, வைரம் பாயாத வெளிப்பக்க மரம்.

பழைய மரம் கோணாது என்பதும் பாதி உண்மைதான். வயதானால் மரத்துக்குள் இருக்கும் இறுக்கம் கொஞ்சம் தளரும். ஆனால் காற்றில் ஈரம் ஏறினால் நூறு வருஷ மரமும் குடிக்கும், வெயிலில் திரும்ப விடும்.

சரி, உங்கள் நெக் ஏன் கோணியது? நீங்கள் வாங்கிய பலகை மேலே காய்ந்து உள்ளே பச்சையாக இருந்திருக்கும். ஈரம் பார்க்கும் மீட்டரைக் குத்தினாலும் மேல் சில மில்லிமீட்டரைத்தான் காட்டும். இழைத்து இழைத்து நெக் வடிவத்துக்குக் கொண்டுவரும்போது உள்ளே இருந்த ஈரமான பகுதி வெளியே வருகிறது. அது அடுத்த மாதங்களில் ஒரு வேகத்தில் காயும், மேலே ஒட்டிய ஃபிங்கர்போர்டு, அதாவது ஃபிரெட் பதித்த பலகை, இன்னொரு வேகத்தில் காயும். மழை வந்ததும் இரண்டும் வேறு வேறு அளவில் ஊறும். இதற்கு மேல், வழக்கமான 10 செட் (மிக மெல்லிய கம்பி 0.010 அங்குலம்) கம்பி ஆறும் சேர்ந்து 45 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. ஏறக்குறைய ஒரு சிமெண்டு மூட்டையின் பாரம், இரவு பகலாக.

பலகையின் அறுத்த முனையையும் பார்த்திருக்க வேண்டும். ஆண்டு வளையங்கள் வில் மாதிரி படுத்திருந்தால் நான் அதை நெக்குக்கு எடுக்க மாட்டேன். ஜன்னல் கம்பி மாதிரி செங்குத்தாக நிற்க வேண்டும். வளையத்தின் போக்கில் தேக்கு சுருங்குவது, வளையத்தைக் குறுக்கே வெட்டும் திசையில் சுருங்குவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

கடையில் இன்னொரு சொல்லால் ஏமாற்றுவார்கள்: ‘ட்ரீட்மெண்ட் பண்ணின மரம்.’ அது கரையான், பூச்சி வராமலிருக்க மருந்து ஏற்றியது. மருந்து ஏற்றிய மரம் சொட்டச் சொட்ட ஈரமாகவும் இருக்கலாம். காய வைப்பது வேறு வேலை. இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்பி விற்கிறவர்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. எந்த வேலைக்கு மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று சொல்ல ஐ.எஸ். 287 என்று ஒரு இந்தியத் தர விதியே இருக்கிறது. எந்தக் கடையில் அதைக் கேட்க முடிகிறது? பால் பாக்கெட்டில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று அச்சடிக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் மரத்தின் பில்லில் ஈரத்துக்கு ஒரு வரி கிடையாது. பில்லே கிடையாது என்கிற கடைகளும் உண்டு. ஃபிங்கர்போர்டுக்கு ஈட்டி மரம் தருகிறேன் என்று பில் இல்லாமல் வந்தால் தொடவே தொடாதீர்கள். தமிழ்நாட்டில் அந்த மரத்துக்கென்றே 1994-இல் தனிச் சட்டம் போட்டார்கள். மாட்டினால் புரோக்கர் போனை எடுக்க மாட்டார்.

ஈரத்தை நீங்களே அளக்கலாம். பலகையின் முனையிலிருந்து ஒரு அடியாவது தள்ளி ஒரு சிறு துண்டு அறுத்து, சமையலறைத் தராசில் உடனே எடை போடுங்கள். பிறகு ஓவன் அடுப்பில் 100 டிகிரிக்குச் சற்று மேலே வைத்து, எடை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை காய வையுங்கள். 118 கிராம் துண்டு 100 ஆனால் ஈரம் 18 சதவீதம், நெக்குக்கு ஆகாது. 112 கிராம் 100 ஆனால் 12. நம் மதுரைப் பக்கத்துக்கு 10 முதல் 12 இருந்தால் நான் வேலையைத் தொடங்குவேன். மொட்டை மாடி வெயிலில் போட்டு அவசரமாகக் காய வைக்காதீர்கள், முனை வெடிக்கும்.

பழைய மரத்தில் ஒன்றை மட்டும் நான் வாங்குவேன்: வாசல் நிலைச் சட்டம். அதுவும் தெரிந்தவர் வீட்டை இடிக்கும்போது நேரில் போய் எடுத்தது. தூண் மாதிரி இல்லாமல் அதைச் சதுரமாக அறுத்திருப்பார்கள். முனையில் ரேகை தெரியும், நீளமும் ஆறு அடிக்கு மேல் கிடைக்கும். ஆனால் வெளிவாசல் நிலை வேண்டாம், சாரல் குடித்திருக்கும். உள்கட்டு நிலையாகப் பாருங்கள். தரையில் புதைந்த அடிப்பக்கத்தில் ஒன்றரை அடியை அறுத்துத் தள்ளிவிடுங்கள், கரையான் அங்கேதான் ஏறும். கீல் வைத்த பக்கத்தையும் கழித்துவிடுங்கள். ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை நீளம் முழுக்க ஓட்டுங்கள், ஒடிந்த ஆணி ஒன்று உள்ளே இருந்தாலும் ரம்பப் பல் போகும். அறுத்த கட்டையை மூன்று வாரம் கொட்டகையில் நிறுத்தி வைத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இழையுங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் பழைய மரம்.

இப்போதைய நெக்கை அதற்குள் தூக்கிப் போட வேண்டாம். டூவீலர் மெக்கானிக்குகள் டேப்பட் வைக்கப் பயன்படுத்தும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) ஒன்று வாங்குங்கள். தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்து, 7-ஆவது ஃபிரெட்டுக்கு மேல் இடைவெளி பாருங்கள். 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் இருந்தால் நெக் சரி, கம்பியின் உயரத்தை, உடல் பக்கம் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜில் இறக்கினால் போதும். அதற்கு மேல் இருந்தால், கம்பியைத் தளர்த்தி, டிரஸ் ராடைக் கால் சுற்று மட்டும் முறுக்கி, ஒரு நாள் விட்டு மறுபடி அளக்க வேண்டும். ராடின் முனையில் இறுகி நின்ற திருகு நட்டை மேலும் முறுக்கினால் ராட் அறுந்துவிடும். தலைப் பக்கம் முதல் ஃபிரெட் அருகே ஒன்று, கடைசி ஃபிரெட் பக்கம் ஒன்று என இரண்டு நேரான சட்டங்களைக் குறுக்கே வைத்து ஒரு கண்ணால் பாருங்கள். இரண்டும் இணையாக இல்லை என்றால் அது முறுக்கு, அந்த நெக்குக்கு ராடால் ஒன்றும் செய்ய முடியாது.

முறுக்கு இல்லையென்றால் பொறுங்கள். கம்பியைத் தளர்த்தி, நெக்கைக் கழற்றிக் கொட்டகையிலிருந்து வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். பின்பக்கம் மட்டும் பாலிஷ் அடித்திருந்தால் தலைமுனை, அடிமுனை, ராட் பள்ளத்தின் வாய் எல்லாவற்றிலும் தை மாதம் மரம் காய்ந்த பிறகு அடியுங்கள், இப்போது அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டியதாகிவிடும். மாசியில் கம்பி கட்டி மறுபடி அளங்கள். 7-ஆவது ஃபிரெட் இடைவெளி 0.5 மில்லிமீட்டருக்குக் கீழே வந்திருந்தால் மீதியை ராடே பார்த்துக்கொள்ளும். வரவில்லை என்றால் ஃபிரெட்டுகளைக் கழற்றி, ஃபிங்கர்போர்டை நேராக இழைத்து, புது ஃபிரெட் அடிக்க வேண்டும். ஒரு வாரத்து வேலை.