கேரியில் நல்ல பேகல் கிடைக்குமா?

நியூயார்க்கை ஒட்டிய ஜெர்சி சிட்டியில் ஒன்றரை வருடம் இருந்துவிட்டு, வட கரோலினாவில் கேரிக்குப் பக்கத்து மோரிஸ்வில் வந்து மூன்று வாரம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். பாத் ரயில் ஏறுமுன் தினமும் ஒரு எள் பேகல் (கொதிநீரில் போட்டெடுத்துச் சுடும் வளைய ரொட்டி) தின்று பழகிய வாய்க்கு, இங்கே சூப்பர் மார்க்கெட் பேகல் ஓட்டை போட்ட பன் மாதிரி இருக்கிறது என்றீர்கள். நியூயார்க் தண்ணீர் இல்லாமல் நல்ல பேகல் வராது என்கிறார்களே, உண்மையா அக்கா என்றும் கேட்டிருந்தீர்கள்.

தண்ணீர் காரணம் இல்லை தம்பி. நியூயார்க்குக்கு கேட்ஸ்கில், டெலவேர் பக்கத்து நீர்த்தேக்கங்களிலிருந்து தண்ணீர் வருகிறது. அது மென்னீர், மாவுக்கு நல்லதுதான். கடின நீர் மாவை இன்னும் இறுக்கும் என்பதும் சரி. ஆனால் கேரி, மோரிஸ்வில் குழாயில் நமக்கு வரும் ஜோர்டன் ஏரித் தண்ணீரும் மென்னீர்தான். தண்ணீர் மட்டும் போதும் என்றால் இந்த ஊரில் எந்தக் கடையில் வாங்கினாலும் நன்றாக இருக்க வேண்டுமே. நியூயார்க்கிலேயே மட்டமான பேகல் விற்கும் கடைகள் எத்தனையோ உண்டு, அங்கேயும் அதே குழாய்த் தண்ணீர்தான். ராத்திரி முழுக்க மாவுக்குக் கொடுக்கும் நேரம், காலையில் ஒரு கொதி. இந்த இரண்டிலும் கை வைக்காத கடை எந்த ஊரில் இருந்தாலும் அங்கே பேகல் நன்றாக இருக்கும்.

நான் 1999இல் கல்யாணமாகி நியூயார்க்கின் ஃபிளஷிங் வந்தேன். பௌன் தெரு பிள்ளையார் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு. காலை ஆறு மணிக்கு பஸ். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பேகல் கடை, கண்ணாடி வழியாகப் பார்த்தால் பின்கட்டு வரை தெரியும். பெரிய அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். முளைகட்டிய பார்லிப் பாகான மால்ட் கலந்திருப்பதால் டீத்தண்ணீர் நிறம். ஒருவர் பலகையில் வரிசையாக இருக்கும் வெளிறிய வளையங்களை அப்படியே கொதிநீரில் சரிப்பார். ஒரு நிமிஷம்கூட இருக்காது, அரிகரண்டியால் அள்ளி எள் தட்டில் போட்டுப் புரட்டுவார். அப்புறம் ஈரச் சாக்குத்துணி போர்த்திய நீளப் பலகைகளில், எள் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி அடுப்புக்குள் தள்ளுவார். சில நிமிஷத்தில் பலகையைக் கவிழ்த்தால் பேகல் சுடுகல்லின் மேல் விழும். வெந்து வந்ததும் தோலைப் பாருங்கள், பொரித்த அப்பளத்தில் இருக்குமே, அந்த மாதிரி பொடிப் பொடியாகக் கொப்புளம். காகிதப் பையோடு கையில் வாங்கினால் சூடு கையுறையைத் தாண்டி வரும். பன் மாதிரி பிய்த்துத் தின்ன முடியாது, கடித்து இழுக்க வேண்டும். முதல் நாள் எனக்குத் தாடை வலித்தது. ஒரு வாரம் கழித்து அது இல்லாமல் பஸ் ஏற மனசு வரவில்லை.

அந்தக் கொப்புளம் முந்தைய ராத்திரியே உருவாக ஆரம்பித்துவிடுகிறது. மாவு புரதம் 14 சதவீதம் வரை இருக்கும் ஹை குளூட்டன் மாவு. தண்ணீர் குறைவாக விட்டு, சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைவார்கள். வளையமாக உருட்டிய பிறகு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் கிடக்கும். குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்க வேண்டுமென்று நாம் ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைக்கிறோமே, பேகலுக்கு அதற்கு நேர் எதிர். குளிரில் ஈஸ்ட் நிதானமாக வேலை செய்யும், பொங்குவது குறைந்து ருசி ஏறும். மறுநாள் கொதிநீரில் விழுந்ததும் மேல்தோலில் உள்ள மாவுச்சத்து பசையாகி இறுகிக்கொள்ளும். அதனால்தான் அடுப்பில் பன் போல ஊதாமல், வெளியே பளபளப்பும் உள்ளே நெருக்கமுமாக நிற்கிறது.

இதையெல்லாம் சுருக்கியதுதான் நீங்கள் வாங்கிய சூப்பர் மார்க்கெட் பேகல். பேகல் போலந்து யூதர்களின் பண்டம். கிராகோவ் யூத சமூகத்தின் 1610ஆம் ஆண்டு விதிகளிலேயே அதன் பெயர் வருகிறது. நியூயார்க்கில் பல வருடம் அதைக் கையால் உருட்டியவர்கள் ‘லோக்கல் 338’ என்ற தொழிற்சங்கத்துக்காரர்கள். மொத்தமே சுமார் 300 பேர். அப்பனுக்குப் பின் பிள்ளை என்று தொழில் கைமாறும், வெளியாள் நுழைவது கஷ்டம். 1960களின் தொடக்கத்தில் டேனியல் தாம்ப்சன் உருவாக்கிய பேகல் இயந்திரம் வந்தது. நியூ ஹேவனில் லெண்டர் குடும்பம் அதை வாடகைக்கு எடுத்து ஓட்டி, உறைய வைத்த பேகலை நாடு முழுக்க அனுப்பியது. பேகல் என்ற பேரே தெரியாத ஊர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது இப்படித்தான், அது பெரிய காரியம். ஆனால் இயந்திரத்துக்குள் சிக்காமல் ஓட மாவு இளக வேண்டியிருந்தது. பிறகு கொதிநீர் அண்டாவையும் எடுத்துவிட்டு, ஓவனுக்குள் ஆவி விட்டால் போதும் என்று பலர் இறங்கிவிட்டார்கள். நேரமும் போயிற்று, கொதியும் போயிற்று.

சரி, இங்கே எங்கே தேடுவது? இந்த விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். நம் பக்கத்து ஆராய்ச்சி, தொழில்நுட்ப நிறுவனங்களின் வளாகமான ரிசர்ச் டிரையாங்கிள் பார்க் 1959இல் தொடங்கியது, 1965இல் ஐபிஎம் வந்தது. அதிலிருந்து நியூயார்க் பக்கத்து ஆட்கள் குடும்பம் குடும்பமாக இங்கே வந்துகொண்டே இருக்கிறார்கள். கேரி (CARY) என்ற பெயரின் எழுத்துகளையே Containment Area for Relocated Yankees, அதாவது ‘இடம்பெயர்ந்த வடக்கத்திக்காரர்களை அடைத்து வைத்த இடம்’ என்று விரித்துச் சொல்லி உள்ளூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். அப்படி வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை, பேகல் கடையும் போட்டார்கள், அதில் வரிசையில் நின்று குறையும் சொன்னார்கள். குறை சொல்ல ஆள் இருக்கும் ஊரில்தான் கடைக்காரர் கை சுத்தமாக இருக்கும். நாளைக்கு உங்களை வேறு ஊருக்கு மாற்றினாலும் இதையே பாருங்கள்: நியூயார்க்காரர்கள் வேலைக்கோ ஓய்வுக்கோ போய்க் குடியேறிய ஊரா என்று. ஃபுளோரிடாவின் போக்கா ரட்டோன் பக்கம் பேகல் நன்றாக இருப்பதற்கும் இதுதான் காரணம்.

பலகையில் ‘நியூயார்க்’ என்று எழுதியிருப்பதை நம்பி உள்ளே போகாதீர்கள். கடைக்காரர் எந்த ஊர்க்காரர் என்றும் பார்க்காதீர்கள். மன்ஹாட்டனில் பிராட்வேயும் 108ஆம் தெருவும் சேரும் இடத்தில், மக்கள் வரிசை கட்டி நின்று வாங்கிய அப்சொல்யூட் பேகல்ஸ் கடையை நடத்தியவர் தாய்லாந்திலிருந்து வந்தவர். 2024 டிசம்பரில் அந்தக் கடை மூடியபோது எனக்கே துக்கமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போங்கள். மத்தியானம் போய்விட்டுக் கடையைக் குறை சொல்லக்கூடாது, பேகலின் ஆயுசு சில மணி நேரம்தான். “மாவு இங்கேயே பிசைகிறீர்களா? தண்ணீரில் கொதிக்க வைக்கிறீர்களா?” என்று கேளுங்கள். கொதிக்க வைக்கிறவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். அப்புறம் ஒன்றை வாங்கித் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் கம்பி வலை பதிந்த மாதிரி புள்ளியும் கட்டமுமாக இருந்தால் பெரும்பாலும் ஆவி ஓவனில் வெந்தது. தோலில் கொப்புளமும் மினுமினுப்பும் இருந்தால் பை நிறைய வாங்கலாம். புளூபெர்ரி, ஹாலப்பீனோ, சீஸ் என்று இருபது வகை அடுக்கியிருந்தாலும் முதல் நாள் வெறும் பேகலோ எள் பேகலோ மட்டும் வாங்குங்கள், அதில் எதையும் மறைக்க முடியாது. சுடச்சுட இருப்பதை டோஸ்ட் பண்ணச் சொல்லாதீர்கள், அந்தத் தோல் பாழாகிவிடும்.

நீங்கள் சைவம் என்று எழுதியிருந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண நியூயார்க் பேகலில் முட்டையோ பாலோ கிடையாது. மஞ்சளாக இருக்கும் ‘எக் பேகல்’ தனி வகை, பேரிலேயே இருக்கிறது. பாக்கெட் பேகல் வாங்கினால் பின்னால் எல்-சிஸ்டீன் என்று இருக்கிறதா என்று படியுங்கள். மாவை இளக்கச் சேர்ப்பது, பல சமயம் பறவை இறகிலிருந்து எடுப்பார்கள். எவ்ரிதிங் பேகலில் வெங்காயமும் பூண்டும் கட்டாயம் இருக்கும், விரத நாளில் கவனம். கனடாவின் மொன்றியலில் சொந்தக்காரர்கள் இருந்தால் அங்கிருந்து பேகல் கொண்டு வருவார்கள். அது வேறு ஜாதி: தேன் கலந்த தண்ணீரில் கொதிக்க வைத்து விறகடுப்பில் சுடுவது, சின்னதாக, இனிப்பாக இருக்கும். மாவில் முட்டை சேர்ப்பார்கள் என்பதால் எங்கள் வீட்டில் வாங்குவதில்லை. அந்த ஊர் ஃபேர்மௌண்ட் கடை எள் பேகல் 18, 2008இல் ஒரு விண்வெளி வீரரோடு விண்வெளி நிலையத்துக்கே போயிருக்கிறது. ஊர்ப் பண்டத்தைக் கட்டிக்கொண்டு போகும் பழக்கம் நமக்கு மட்டும் இல்லை.

டஜனாக வாங்கினால் மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், அங்கேதான் ரொட்டி சீக்கிரம் வறண்டு போகும். அன்றைக்கே பையில் காற்றுப் போகாமல் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். வேண்டியபோது எடுத்து வெளியே சற்று வைத்து, குழாயடியில் ஒரு தரம் நனைத்து, 350 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் பத்து நிமிஷம். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், ரப்பர் ஆகிவிடும்.

2003இல் அவருக்கு வேலை மாறி ஒஹாயோவில் ஒரு சின்ன ஊருக்குப் போனோம். அங்கே கடையே கிடையாது, அதனால் வீட்டில் செய்யக் கற்றுக்கொண்டேன். முதல் தடவை இட்லி மாவு நினைப்பில் வளையங்களை ராத்திரி முழுக்க மேடையிலேயே வைத்துவிட்டேன். காலையில் பொங்கி வழிந்து, கொதிநீரில் போட்டதும் சப்பென்று அமுங்கிப் போயின. அத்தனையையும் தின்றோம், மனசுதான் ஆறவில்லை.

இப்போது நான் செய்வது இப்படி. கிங் ஆர்தர் பிரெட் மாவு 500 கிராம், அதில் 12.7 சதவீதம் புரதம் இருக்கிறது, போதும். தண்ணீர் 280 கிராம், உப்பு 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், பார்லி மால்ட் சிரப் ஒரு மேசைக்கரண்டி. பத்து நிமிஷமாவது அழுத்திப் பிசையுங்கள், கை கடுக்கும். எட்டாகப் பிரித்துக் கயிறாகத் திரித்து, உள்ளங்கையைச் சுற்றி வளைத்து, இரண்டு முனையையும் சேர்த்து மேடையில் வைத்து உருட்டினால் ஒட்டிக்கொள்ளும். கைமுறுக்கு சுற்றிய அம்மாவின் பிள்ளைக்கு இது ஐந்து நிமிஷ வேலை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு வளையத்தைக் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் எல்லாவற்றையும் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், மூழ்கினால் இன்னும் இருபது நிமிஷம் பொறுங்கள். மறுநாள் காலையில் கொதிநீரில் இரண்டு கரண்டி மால்ட் சிரப் விட்டு, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தது எடுத்தபடி ஒரு பக்கத்துக்கு 30 முதல் 45 விநாடி. ஈரத்தோடு எள்ளில் புரட்டி, 450 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 18 முதல் 20 நிமிஷம்.

முதலில் கடைகளைத் தேடிப் பாருங்கள், உங்களுக்கு ஒன்று அமைந்துவிடும். வீட்டில் செய்து பார்க்க ஆசை வந்தால் மால்ட் சிரப் வாங்காதீர்கள். முழு பாட்டில் தீர மாதக்கணக்காகும். வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு வரும் வெள்ளிக்கிழமை ஒரு காலி ஜாம் பாட்டில் கொண்டு வாருங்கள், என்னிடம் இருப்பதில் பாதி ஊற்றித் தருகிறேன்.