ஒரு நாள் ஒத்துவரும் மீன் இன்னொரு நாள் ஏன் ஒத்துவருவதில்லை? ஹிஸ்டமின் சகிப்பின்மையோடு யாழ்ப்பாணத்தில் எப்படிச் சமாளிப்பது?

மீன்கறி சாப்பிட்டதும் சில நாள் முகம் சிவந்து தலையிடிக்கிறது, சில நாள் ஒன்றும் செய்வதில்லை, டொக்டர் ஹிஸ்டமின் சகிப்பின்மையாக இருக்கலாம் என்கிறார், இனி மீனையே விடவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடத் தேவையில்லை. நானும் பல வருசமாக இதோடுதான் இருக்கிறேன். எங்கள் குசினியில் இன்றைக்கும் மீன் காய்ச்சுகிறோம்.

மீன் செத்தபிறகு அதன் சதையில் இருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைப் பக்டீரியாக்கள் ஹிஸ்டமினாக மாற்றும். முகத்தைச் சிவக்கவைத்துத் தலையிடி தருவது இந்த ஹிஸ்டமின்தான். வெக்கையில் இது வேகமாக நடக்கும், ஐஸில் மெதுவாக நடக்கும். ஒருமுறை உண்டானால் பொரித்தாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது, ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. சாதாரணமாகச் சிறுகுடலில் டி.ஏ.ஓ. என்ற நொதியம் இதை உடைத்துவிடும். எங்களுக்கு அது போதாமல் இருக்கிறது என்பதுதான் விளக்கம். அதனால் மீனின் பெயரோடு சேர்த்து, அது கடலை விட்டு வந்து எத்தனை மணித்தியாலம் என்றும் பார்க்கவேண்டும். உங்கள் நல்ல நாளுக்கும் கூடாத நாளுக்கும் வித்தியாசம் அநேகமாக அங்கேதான் இருக்கும்.

சூரை, கும்பிளா, சாளை, எல்லாரும் விரும்பி வாங்கும் அறக்குளா, இவற்றில் ஹிஸ்டிடின் கூட. விளைமீன், ஓரா போன்ற வெள்ளைச்சதை மீன்களில் குறைவு. பாசையூர் மீன்சந்தையில் நான் முதல் கேட்கிறது, "இண்டைக்குப் பட்டதோ, ஐஸ் மீனோ?" என்றுதான். செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது, ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஹிஸ்டமின் ஏறிய மீனில் மணமோ நிறமோ மாறாமலும் இருக்கலாம். ஐஸ் பெட்டியைக் கையோடு கொண்டுபோய், வீட்டுக்கு வந்த உடனேயே குடலும் செவுளும் எடுத்துக் கழுவி, அன்றைக்கே காய்ச்சி அன்றைக்கே முடித்துவிடுவேன். மிஞ்சினால் ஆறவிட்டு மேசையில் மூடிவைக்கிற பழக்கமே இல்லை, உடனே ஃப்ரீசர். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்த நேரம், ஒரு நேரத்துக்கு மேல் மீன் வாங்குவதையே நிறுத்தினேன்.

இணையத்தில் வரும் பட்டியல்களில் வைனும் சீஸும்தான் முன்னுக்கு நிற்கும். எங்களுக்கு அந்த இடத்தில் இருப்பது கருவாடு, சம்பலில் இடிக்கும் மாசிக் கருவாடு, ரின் மீன், இரவு வைத்த மீன்குழம்பு விட்டுக் குழைத்த பழஞ்சோறு. கள்ளு இரண்டு விதமாகக் கெடுதல்: அது புளித்தது, அதோடு மதுசாரம் டி.ஏ.ஓ.வின் வேலையையும் மறிக்கும். கத்தரிக்காயிலும் தக்காளியிலும் ஹிஸ்டமின் உண்டு. தனித்தனியே ஒன்றும் செய்யாதவை ஒரே சாப்பாட்டில் சேர்ந்தால் செய்யும்.

உங்களுக்கு உண்மையிலேயே இதுதானா என்று கண்டுபிடிக்க, இரத்தத்தில் டி.ஏ.ஓ. அளக்கும் பரிசோதனை ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. சில கிழமை விலக்கிப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ப்பதே வழி. நல்லூர்த் திருவிழா 25 நாளும் மச்சம் இல்லாத வீடு உங்களுடையது என்றால் பாதி வேலை தானாகவே நடந்துவிடும். அந்த நாட்களில் கத்தரி, தக்காளி, புளித்த தயிரையும் நிறுத்துங்கள். தலையிடியும் சிவப்பும் குறைகிறதா என்று ஒரு கொப்பியில் நேரத்தோடு எழுதுங்கள். விரதம் முடிந்ததும் முதல் நாளே கூழ் காய்ச்சிவிடாதீர்கள். நண்டும் றாலும் கணவாயும் மீனும் ஒன்றாய்ப் போனால் எது செய்தது என்று ஒருநாளும் தெரியவராது. புது விளைமீன் சொதியில் தொடங்குங்கள்.

இதற்கு முன்னே டொக்டரிடம் உண்மையான மீன், றால் அலர்ஜி இல்லை என்று உறுதிப்படுத்துங்கள். நீங்கள் போடும் குளிசைகளின் பெயர்களையும் காட்டுங்கள், சில மருந்துகள் இந்த நொதியத்தைத் தடுக்கும். உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ வீட்டில் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது, உடனே ஆஸ்பத்திரி.

கடினமானது சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாடு. "நல்ல மீன் பிள்ளை, ஒண்டும் செய்யாது" என்று மாமி அகப்பையோடு நிற்கும்போது வேண்டாம் என்றால் மனம் நோகும். நான் முதல்நாளே போன் எடுத்து, "மாமி, எனக்குப் பருப்பும் முருங்கைக்காய்க் கறியும் காணும், நீங்கள் வைக்கிற பால்கறிக்குத்தான் வாறன்" என்று சொல்லிவிடுவேன். மாமிக்கும் சந்தோசம், எனக்கும் வயிறு நிறையும்.

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ யாராவது டி.ஏ.ஓ. குளிசை கொண்டுவந்து தரலாம். அவற்றில் பல பன்றிச் சிறுநீரகத்திலிருந்து எடுத்தவை. நீங்கள் சைவம் என்றால் பெட்டியை வாசித்துவிட்டு எடுங்கள்.