ஏழு லட்சம் கி.மீ. ஓடிய இன்ஜின்: திறப்பதா, ஓட்டுவதா?

கேள்வி: 2017-ஆம் ஆண்டு வாங்கிய டிரெய்லர் லாரி ஒன்று எங்களிடம் உள்ளது. ஆறு சிலிண்டர் கொண்ட பி.எஸ்.4 இன்ஜின். கர்நாடகத்தின் தோரணகல்லிலிருந்து சென்னைக்கும் கோவைக்கும் இரும்புச் சுருள் ஏற்றி வருகிறது. மீட்டர் 7,40,000 கி.மீ. காட்டுகிறது. ஸ்டார்ட் ஆவதிலும் இழுவையிலும் குறையில்லை, 1,000 கி.மீ.க்குக் கால் லிட்டர் ஆயில் ஊற்றுகிறோம். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) வண்டியை நிறுத்தும்போதே லைனர் (பிஸ்டன் ஏறி இறங்கும் உருளை உறை), பிஸ்டன், பேரிங் அனைத்தையும் மாற்றிவிடலாம், 2 லட்சம் ரூபாய்க்குள் முடியும் என்கிறார் பட்டறைக்காரர். ஓடுகிற வண்டியில் கை வைக்க வேண்டாம் என்கிறார் பதினான்கு ஆண்டுகளாக எங்களிடம் இருக்கும் ஓட்டுநர். யார் சொல்வதைக் கேட்பது?
– சங்ககிரி வாசகர்

பதில்: பட்டறைக்காரர் சொல்வதில் பாதியையும் ஓட்டுநர் சொல்வதில் பாதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜினின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. தேய்ந்ததை எல்லாப் பாகங்களும் ஒரே விதத்தில் தெரிவிப்பதும் இல்லை. பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்தால் பல மாதங்களுக்கு முன்பே அது தெரிந்துவிடும்: ஆயில் குறையும், ஏற்றத்தில் நீலப் புகை வரும், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் காற்று விட்டுவிட்டுத் தள்ளும். பிஸ்டனைக் கிராங்க் தண்டுடன் இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் அப்படியன்று. அது தட்டும் ஓசை ஓட்டுநரின் காதில் விழும்போது பெரும்பாலும் கிராங்க் கீறப்பட்டிருக்கும்; அதன் பிறகும் சுமையோடு ஓட்டினால், ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வருவதற்கு அதிக நேரம் ஆகாது.

ஆகவே, உங்கள் வண்டியை மேலிருந்து திறக்க வேண்டாம், கீழிருந்து திறக்கலாம் என்பதே என் கருத்து. லிட்டருக்கு 3 கி.மீ. தருவதாக வைத்துக்கொண்டால் உங்கள் வண்டி 1,000 கி.மீ.க்கு 330 லிட்டருக்கு மேல் டீசல் குடிக்கும். அதில் கால் லிட்டர் ஆயில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. இந்த அளவு ஆயில் குறைவதற்காக ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) கழற்றி, நன்றாகப் படிந்து ஓடிக்கொண்டிருக்கும் ரிங்கையும் லைனரையும் கழித்துக் கட்டுவது வீண் செலவு. புதிய லைனர் பிளாக்கின் மேல்மட்டத்துக்கு மேல் எவ்வளவு நீட்டி நிற்க வேண்டும் என்பதை அளந்து பூட்டாத பட்டறையில், நல்ல இன்ஜினுக்கு ஹெட் கேஸ்கட் தொல்லையை விலை கொடுத்து வாங்கியதாகவும் முடியலாம்.

இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் சம்ப்பை இறக்கி, இரண்டு ராடு பேரிங்குகளையும் கிராங்கைத் தாங்கும் ஒரு மெயின் பேரிங்கையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது நீங்கள் அருகில் இருப்பது நல்லது. ராடு பேரிங்கில், சிலிண்டரில் எரியும் வாயுவின் அடி விழுவது மேல் பாதியில். மெயின் பேரிங்கில் கீழ்ப் பாதியில். எனவே, எளிதாகக் கையில் கிடைக்கும் ராடு மூடியிலுள்ள கீழ்ப் பாதியை மட்டும் காட்டி "பேரிங் புதிதுபோல இருக்கிறது" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நல்ல பேரிங் மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருக்கும். தாளைவிட மெல்லிய அந்த மேல்பூச்சு தேய்ந்த இடத்தில் அடியிலுள்ள செம்பு நிறம் திட்டுத் திட்டாகத் தெரியும். அது தெரிந்துவிட்டால் யோசிக்க ஏதுமில்லை. பன்னிரண்டு ராடு பாதிகளையும் எல்லா மெயின் பேரிங்குகளையும் மாற்றிவிட வேண்டும். இன்ஜினை இறக்காமலேயே இந்த வேலையைச் செய்யலாம். செம்பு தெரியாவிட்டாலும், கழற்றிய பேரிங்கை மீண்டும் பூட்டுவதை நான் சிக்கனமாகக் கருதமாட்டேன். ராடு போல்ட்டுகளை மாற்ற வேண்டுமா, அளந்து பார்த்துத் திரும்பப் போடலாமா என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறுபடுவதால், தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். எந்த மூடி எந்த ராடுக்குரியது என்பதும் மாறக் கூடாது.

பேரிங்கை இப்போதே பார்ப்பதில் இன்னொரு லாபம் உண்டு. கிராங்க் கீறப்படாமல் இருக்கும்வரை அதே அளவு பேரிங்கே போதும். கீறப்பட்டால் கிராங்கை இறக்கி 0.25 மி.மீ. கடைந்து, அதற்கேற்ற பேரிங் போட வேண்டும். இதைப் பட்டறைக் கணக்காக மட்டும் பார்க்காதீர்கள். இரும்புச் சுருளோடு வண்டி நடுவழியில் நின்றால் கிரேன் வாடகை, சுமையை வேறு வண்டிக்கு மாற்றும் கூலி, தவறிய லோடு, நிற்கும் நாளுக்கும் சேர்த்து ஓடும் தவணை என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்.

எஃப்.சி. நேரத்தைத் தேர்ந்தெடுத்தது சரியே. எட்டு ஆண்டைக் கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டியிருப்பதால், அந்த நாட்களிலேயே வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், பெல்ட், ஹோஸ்கள், டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) தண்டின் ஆட்டம் ஆகியவற்றையும் பார்த்துவிடலாம். கிராங்கின் முன்முனையில் இருந்து அதன் அதிர்வைத் தணிக்கும் டேம்பரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது செயலிழந்தால் கிராங்க் முறிவதற்கே வாய்ப்புண்டு.

உங்கள் தடத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள குழாயைக் கழற்றி, உட்புறத்தில் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சிவப்பு மண் ஒட்டினால் தோரணகல் பகுதியின் இரும்புத் தாதுத் தூசி ஃபில்டரைத் தாண்டி உள்ளே போகிறது என்று பொருள். அந்த நிலையில் எத்தனை லைனர் மாற்றினாலும் நிற்காது. ஃபில்டரைத் தரையில் தட்டியும் காற்றடித்தும் திரும்பப் போடும் பழக்கம் உங்கள் வண்டியில் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆயிலைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினால் இன்ஜினின் நிலை தெரியும் என்கிறார்களே, நம்பலாமா? மூடியைத் திறந்தால் காற்று தள்ளுகிறது என்பதற்காகவே எங்கள் வண்டியின் இன்ஜினைப் பிரித்துவிட்டார்கள். உள்ளே லைனர் நன்றாக இருந்தது.
– நாமக்கல் வாசகர்

பதில்: உங்கள் அனுபவம் புதிதன்று. டர்போவின் சீல் போனாலும், ஏர் பிரேக்குக்கான கம்ப்ரசர் தேய்ந்தாலும் அதே காற்று சம்ப்புக்குள் வந்து மூடி வழியாகத் தள்ளும். ஏர் டேங்கின் வடிகாலைத் திறக்கும்போது தண்ணீரோடு ஆயிலும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கம்ப்ரசரைத்தான். இதைப் பார்க்காமல் இன்ஜினைப் பிரித்த பட்டறை அவசரப்பட்டிருக்கிறது.

ஆயில் பரிசோதனையை நம்பலாம். ஆனால் ஒரே ஒரு அறிக்கையை வைத்து முடிவெடுக்கக் கூடாது. தொடர்ந்து மூன்று ஆயில் மாற்றங்களின்போது எடுத்த அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். ஈயமும் செம்பும் சேர்ந்து ஏறினால் பேரிங். இரும்பும் குரோமியமும் சேர்ந்து ஏறினால் லைனரும் ரிங்கும். சிலிக்கான் ஏறினால் தூசி. சோடியமோ பொட்டாசியமோ தெரிந்தால் கூலன்ட் கலப்பு. செம்பு மட்டும் தனியாக ஏறினால் ஆயில் கூலரிலிருந்து அது கரைந்து வந்திருக்கலாம் என்பதால் பதற வேண்டியதில்லை. டீசல் கலந்து ஆயில் நீர்த்திருந்தால் இன்ஜெக்டரைச் சோதியுங்கள். மாதிரி எடுக்கும்போது இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். வடிகாலில் முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைச் சுத்தமான புட்டியில் பிடிக்க வேண்டும். அந்த ஆயில் எத்தனை கி.மீ. ஓடியது, இடையில் எவ்வளவு ஊற்றப்பட்டது என்பதையும் புட்டியின்மேல் எழுதாவிட்டால் அறிக்கையிலுள்ள எண்களுக்குப் பொருளில்லை.

கேள்வி: ரேடியேட்டரில் கிணற்று நீரைத்தான் ஊற்றி வருகிறோம், இதுவரை வண்டி சூடானதே இல்லை. கூலன்ட் அவசியமா?
– தூத்துக்குடி வாசகர்

பதில்: அவசியம். சூடாவதைத் தடுப்பது கூலன்டின் பாதி வேலைதான். வெளிப்புறம் நீரில் நனைந்து நிற்கும் லைனர், பிஸ்டன் இடிக்கும் ஒவ்வொரு முறையும் நுண்ணியதாக அதிர்கிறது. அந்த அதிர்வில் நீருக்குள் தோன்றும் குமிழிகள் லைனரின் சுவரில் மோதி வெடிக்கின்றன. கூலன்டில் உள்ள காப்புப் பொருள் இல்லாமல் பல மாதங்கள் ஓடினால், லைனரின் வெளிப்புறம் கறையான் அரித்த மரம்போல் குழிகுழியாகி, ஒரு நாள் துளை விழுந்து நீர் ஆயிலில் கலந்துவிடும். அதுவரை வெப்பமானியின் முள் அசையாது. உங்கள் பகுதியின் உப்பு நீர் அரிப்பை இன்னும் விரைவுபடுத்தும். எனவே, உள்ளிருக்கும் நீரை முழுவதும் வடித்து அலசிவிட்டு, இன்ஜின் கையேடு சொல்லும் வகைக் கூலன்டைத் தாது நீக்கிய நீருடன், அதே கையேடு சொல்லும் விகிதத்தில் கலந்து நிரப்புங்கள். வழியில் அளவு குறைந்தால் ஊற்றுவதற்கு, கலந்து வைத்த ஐந்து லிட்டர் கேன் ஒன்று கேபினில் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் ஓட்டுநர் சாலையோரக் குழாயைத்தான் தேடுவார்.