டிபரன்ஷியலைப் பிரிக்கும் முன் டயரைப் பாருங்கள்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிபரன்ஷியல்) பற்றித்தான். டிபரன்ஷியல் என்பது வளைவில் இரண்டு பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு. எல்எஸ்டி, பெரும்பாலும் உள்ளே அழுத்தி வைத்த பிளேட்டுகளால், ஒற்றைச் சக்கரம் மட்டும் சும்மா சுற்றிவிடாமல் தடுக்கும். பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே மழையில் சறுக்கினார்களோ என்னவோ!

1988 பிஎம்டபிள்யூ 325ஐ வாங்கினேன். எல்எஸ்டி இருக்கிறது என்கிறார் விற்றவர். பிரிக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? (லண்டன்)

டிபரன்ஷியல் ஹவுசிங் (வெளிக்கூடு) போல்ட்டில் ஒரு சின்னத் தகரச் சீட்டு தொங்கும். அதில் கியர் விகித எண்ணுக்கு முன்னால் 'எஸ்' என்று அடித்திருந்தால் எல்எஸ்டி. ஆனால் இத்தனை வருடத்தில் அந்தச் சீட்டு எத்தனை கை மாறியதோ, அதை மட்டும் நம்ப வேண்டாம். முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின்சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விட்டிருக்கட்டும். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றதும் அதே பக்கம் சுற்றினால் எல்எஸ்டி இருக்கிறது, பிளேட்டிலும் உயிர் இருக்கிறது. எதிர்ப்பக்கம் சுற்றினால் சாதாரண டிபரன்ஷியல், இல்லையென்றால் பிளேட் தேய்ந்துபோன எல்எஸ்டி. எது என்று ஊகிக்கச் சீட்டு உதவும்.

எல்லாம் கையால் மட்டும். ஒரு சக்கரம் தரையிலும் ஒன்று ஜாக்கியிலும் இருக்கும்போது எஞ்சினை ஓட்டிக் கியர் போடாதீர்கள். சாதாரண டிபரன்ஷியலில் தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும். எல்எஸ்டியில் தரையில் உள்ள சக்கரம் காரை ஜாக்கியிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விடும். என் பட்டறையில் ஒரு முறை நடந்தது. சுவர் உடைந்தது, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

1989 மஸ்டாங் 5.0. பார்க்கிங்கில் மெதுவாக வளைத்தால் பின்னால் தடதடவென்று அதிர்கிறது. பிளேட் மாற்ற வேண்டுமா? (நியூ ஜெர்சி)

கடைசியாக ஆயில் மாற்றியவர் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையரை (பிளேட் அதிராமல் வழுக்க உதவும் ஆயில் சேர்மானம்) மறந்திருப்பார். நல்ல ஜிஎல்-5 தர கியர் ஆயிலோடு 4 அவுன்ஸ், அதாவது 120 மில்லி போல, சேருங்கள். பிறகு காலி மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு 'எட்டு' போடுங்கள். லைசென்ஸுக்குப் போட்டோமே, அதே எட்டுதான். பத்தில் ஏழு வண்டிக்கு இதுவே போதும். நல்லதுதானே என்று பாட்டில் பாட்டிலாக ஊற்றினால் பிளேட் வழுக்க ஆரம்பிக்கும்.

அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், நியூட்ரலில் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, ஹப்பின் நடுவில் டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையைக் காட்டும் ஸ்பானர்) வைத்துத் திருப்புங்கள். 20 பவுண்டு-அடிக்குக் கீழேயே சுற்றிவிட்டால் பிளேட் முடிந்தது. எஞ்சின் அணைந்திருக்கட்டும், மேலே சொன்னதுதான்.

பின்னால் சத்தம் வருகிறது. எல்எஸ்டி போய்விட்டதா?

எந்தக் கார்? எந்த வருடம்? ஊளையா, 'டக்'கா, கரகரப்பா? ஓட்டத்திலா, வளைவிலா? ஒன்றும் எழுதாமல் "போய்விட்டதா" என்றால் கிளி ஜோசியரைத்தான் கேட்க வேண்டும். 'டக்' என்றால் முதலில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யுஜே கிராஸ் மூட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஊளை என்றால் பெரும்பாலும் பினியன் பேரிங் அல்லது கிரவுன் பினியன் (ஷாஃப்ட்டின் சுற்றைச் சக்கரப் பக்கம் திருப்பும் பல்சக்கர ஜோடி), எல்எஸ்டி பிளேட் இல்லை.

1970 ஷெவர்லே ஷெவல், 12 போல்ட் எல்எஸ்டி, அதாவது பாசிட்ராக்‌ஷன். புது பிளேட் போட்டு 8,000 கிலோமீட்டர்கூட ஆகவில்லை, மறுபடியும் ஒற்றைச் சக்கரம்தான் சுற்றுகிறது. பார்ட்ஸ் மட்டமா, மெக்கானிக் மட்டமா? (டொராண்டோ)

கூடவே அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பின்சக்கரம் புத்தம் புதிய டயர், வலதில் பாதித் தேய்ந்தது. பார்ட்ஸும் மட்டமில்லை, மெக்கானிக்கும் மட்டமில்லை. டயரைத்தான் சொல்ல வேண்டும்.

இதை நான் எத்தனை முறை எழுதுவது! புது டயரில் 8 மில்லிமீட்டர் ட்ரெட் (காடியின் ஆழம்), பழையதில் 3 மில்லிமீட்டர் என்று வையுங்கள். விட்டத்தில் 10 மில்லிமீட்டர் வித்தியாசம், சுற்றளவில் 3 சென்டிமீட்டர். ரேடியல் என்றால் உருளும்போது கொஞ்சம் குறையும், ஆனாலும் ஒரு கிலோமீட்டருக்குத் தேய்ந்த சக்கரம் ஆறேழு சுற்று கூடுதலாகச் சுற்றும். நேர்ரோட்டில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. டிபரன்ஷியலுக்கு அது முடிவே இல்லாத வளைவு. டொராண்டோவிலிருந்து மாண்ட்ரியல் போய்ச் சேர்வதற்குள் மூவாயிரத்துக்கும் மேல் சுற்று வித்தியாசம், அத்தனையும் பிளேட்டோடு பிளேட் உரசித்தான் தீர வேண்டும். சாதாரண டிபரன்ஷியலில் ஸ்டார் பினியன் (நடுவிலுள்ள சின்னப் பல்சக்கரங்கள்) பேசாமல் உருண்டு சமாளித்துவிடும். எல்எஸ்டியில் ஸ்ப்ரிங் பிளேட்டை அழுத்திக்கொண்டே இருக்கிறது. உரசல், சூடு, ஆயில் கருகல்.

பிரித்தால் நான் சொல்வது தெரியும். ஸ்டீல் பிளேட்டில் நீலம் பாய்ந்திருக்கும், விரலால் தடவினால் கண்ணாடிபோல வழுக்கும், ஆயிலில் தீய்ந்த வாடை அடிக்கும். இவ்வளவு பெரிய வேலைக்குச் செலவு செய்துவிட்டு, ஒரு டயர் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். பின்னால் மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள், ஒரே கம்பெனி, ஒரே சைஸ், ஒரே காற்று. ஒல்லி ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றவும் கூடாது. பஞ்சர் பின்னால் என்றால் முன்சக்கரத்தில் ஒன்றைப் பின்னால் போட்டு, ஸ்டெப்னியை முன்னால் மாட்டுங்கள். பின் டயர் அளவே வேறு என்றால் டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

1963 ஜாகுவார் ஈ-டைப் 3.8. பின் பிரேக் டிஸ்க்கில் டிபரன்ஷியல் ஆயில் தெறிக்கிறது. (பர்மிங்காம்)

உடனே வண்டியை நிறுத்துங்கள். இந்தக் காரில் டிஸ்க் சக்கரத்தில் இல்லை, டிபரன்ஷியலை ஒட்டியே இருக்கிறது. ஒவ்வொரு பிரேக்கிலும் சூடு நேராக அவுட்புட் ஷாஃப்ட் சீலுக்குப் போகிறது. கழற்றிப் பார்த்தால் ரப்பர் உதடு அப்பளம்போல நொறுங்கும். முதலில் பிரீதர் (உள்ளே அழுத்தம் ஏறாமல் காற்றை விடும் துளை) அடைத்திருக்கிறதா பாருங்கள். அடைத்திருந்தால் எந்தச் சீலும் நிற்காது. சீல் மாற்ற, பின் சஸ்பென்ஷன் கூண்டையே இறக்குவது நல்லது. அப்படியே ஷாஃப்ட் பேரிங்கின் ப்ரீலோடும் (முன் இறுக்கம்) பார்த்துவிடலாம். ஆயில் குடித்த பேடைப் பெட்ரோலில் கழுவி மாட்டாதீர்கள், தூக்கிப் போடுங்கள். பவர்-லாக் என்ற எல்எஸ்டி உள்ள வண்டி என்பதால் திரும்ப நிரப்புவது எல்எஸ்டி ஆயிலாக இருக்கட்டும்.

பிஎம்டபிள்யூ ஈ30-க்கு எல்எஸ்டி பிளேட் செட் வந்துவிட்டது. நானே மாற்றலாமா? (கோலாலம்பூர்)

பொறுமை இருந்தால் மாற்றலாம். இடது மூடி, வலது மூடி, அதனதன் ஷிம் (மெல்லிய இடைத்தகடு) எல்லாவற்றையும் கழற்றும்போதே குறியிட்டுத் தனித்தனியாகக் கட்டி வையுங்கள். அவை மாறினால் பேக்லாஷ் (பற்களுக்கு நடுவே விடும் சிறு இடைவெளி) கெட்டுவிடும், அப்புறம் ஊளை நிற்காது. ஃப்ரிக்‌ஷன் பிளேட்டை ராத்திரி முழுக்க ஆயிலில் ஊறப்போடுங்கள். பிளேட்டின் காது உட்காரும் காடியில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். படிபோலத் தட்டினால் புது பிளேட்டும் அங்கே மாட்டிக்கொள்ளும், கேஸையே மாற்ற வேண்டும். இறுக்கமாக இருக்கட்டும் என்று கூடுதல் ஷிம் திணிக்காதீர்கள். மழை நாளில் வால் முன்னால் வந்துவிடும்.

ஸ்டார் பினியனை வெல்டிங் வைத்துவிட்டால் செலவு மிச்சம்தானே?

ரோட்டில் ஓடும் காருக்கு, இல்லை.

1990 மஸ்டா எம்எக்ஸ்-5, விஸ்கஸ் எல்எஸ்டி. பிடிப்பே இல்லை. ரிப்பேர் கிட் எங்கே கிடைக்கும்? (மெல்பர்ன்)

கிட்டைத் தேடி அலையாதீர்கள். உள்ளே சிலிகான் திரவம் சீல் செய்த டப்பாவில் இருக்கிறது, பட்டறையில் பிரித்துக் கட்டும் சமாச்சாரம் இல்லை. பலரும் 1994 முதல் வந்த 1.8 காரின் டார்சன் எல்எஸ்டிக்கு மாறுகிறார்கள். அதில் பிளேட்டே கிடையாது, கியர்தான். மாடிஃபையரும் வேண்டாம். ஆனால் கிரவுன் 6 அங்குலத்திலிருந்து 7 அங்குலமாகிறது, உங்கள் ஹவுசிங்கில் உட்காராது. டிபரன்ஷியல் மட்டும் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள், டிரைவ் ஷாஃப்ட்டையும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டையும் சேர்த்தே விலை பேசுங்கள்.