லாய்ட் சீய் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஃபோர்டு வி-8 காரைப் பற்றி நீங்கள் எழுதியதில் அமெரிக்கக் கார்ப் பந்தய ஓட்டுநர் லாய்ட் சீய் பெயர் ஒரே வரியில் வந்துபோகிறது. தேடிப் பார்த்தேன். போலீஸ் பத்து டாலர் அபராதம் கேட்டபோது, திரும்பி வரும்போது அவசரம் இருக்கும் என்று சொல்லி இருபதாகக் கொடுத்தார் என்ற கதைதான் எங்கும் கிடைக்கிறது. அமெரிக்கக் கார்ப் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் பதிவுகளில் அவர் இல்லை. சாராயம் கடத்தியவரைப் பெரிய ஓட்டுநர் என்று கொண்டாட வேண்டுமா?

ரவி

அன்புள்ள ரவி,

அந்த இருபது டாலர் கதை எனக்குப் பிடிக்காது. அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, அவர் கார் ஓட்டிய விதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நாஸ்கார் அமைப்பு உருவானதே 1948-இல்தான். சீய் இறந்தது 1941 செப்டம்பர் 2. வயது 21. பதிவில் எப்படி இருப்பார்?

ஜார்ஜியாவின் டாசன்வில் பகுதிக்காரர். மலைப்பக்கம் காய்ச்சிய சோளச் சாராயத்தை ராத்திரியோடு ராத்திரியாக அட்லாண்டாவில் சேர்ப்பது தொழில். பாரம் ஏற்றினாலும் காரின் பின்பக்கம் தாழாதபடி கனமான ஸ்பிரிங் போட்டிருப்பார்கள். தாழ்ந்தால் போலீஸ் கண்டுபிடித்துவிடும். ரேஸ் ஓட்டக் கார் கொடுத்தவர் உறவினர் ரேமண்ட் பார்க்ஸ், அவரும் சாராயத்தில் சம்பாதித்தவர்தான். எஞ்சின் வேலை முழுக்க ரெட் வோக்ட் என்ற மெக்கானிக் கையில். 1938 நவம்பரில் அட்லாண்டா லேக்வுட் தடத்தில் ஜெயித்தபோது சீய்க்கு 18 வயது.

கடத்தல் அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது, சரி. ஆனால் அதே சாலைகளில் கடத்தியவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஃப்ளோரிடாவின் டேடோனாவில் ஜெயித்தவர்கள் எத்தனை பேர்?

டேடோனா ரேஸ் அப்போது கடற்கரையில் நடந்தது. ஒரு சுற்று 3.2 மைல். ஒரு பக்கம் அலையோரத்து ஈர மணல், மறுபக்கம் தார்ச்சாலை, இரண்டையும் சேர்க்கும் வளைவுகள் இரண்டும் மணல். கடல் உள்வாங்கியிருக்கும் நேரம் பார்த்துத்தான் போட்டியே வைக்க முடியும். கார்கள் ஓட ஓட வளைவு மணல் குழிகுழியாகிவிடும். சக்கரம் பக்கவாட்டில் புதைந்தால் கார் குட்டிக்கரணம்தான். போன சுற்றில் சறுக்கிப் போன தடம் இந்தச் சுற்றில் இருக்காது. எங்கே வேகத்தைக் குறைப்பது, எங்கே ஸ்டியரிங்கை ஒடிப்பது என்று ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவெடுக்க வேண்டும். அங்கே 1941 ஆகஸ்ட் 24 அன்று 50 சுற்று, 160 மைல் ஓட்டி சீய் ஜெயித்தார். ஆகஸ்ட் 31-இல் வட கரோலினாவின் ஹை பாயின்டில் ஜெயித்தார். மறுநாள் லேக்வுட்டில், ஏரியைச் சுற்றிய ஒரு மைல் மண் தடத்தில், அமெரிக்கத் தொழிலாளர் தினமான செப்டம்பர் 1 அன்று நடந்த போட்டியிலும் அவர்தான்.

அதற்கு மறுநாள் காலை உறவினர் வுட்ரோ ஆண்டர்சனோடு தகராறு. சாராயம் காய்ச்ச வாங்கிய சர்க்கரையை யார் கணக்கில் எழுதுவது என்பதில் வந்த சண்டை. ஆண்டர்சன் சுட்டதில் சீய் இறந்தார். கழுத்தில் குண்டு பாய்ந்த சகோதரர் ஜிம் பிழைத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய திறமை சர்க்கரைக் கணக்கில் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

அதனால் கடத்தலைக் கொண்டாட வேண்டாம், ரவி. மூன்று போட்டிகளில் ஜெயித்த அந்த ஒன்பது நாளைக் கொண்டாடுவோம். டாசன்வில்லில் உள்ள அவர் கல்லறைக் கல்லில் ஃபோர்டு காரைச் செதுக்கி, ஓட்டுநர் ஜன்னலில் அவர் புகைப்படத்தைப் பதித்திருக்கிறார்கள். ஏற்பாடு செய்தது பார்க்ஸ்.

அப்புறம், அந்த பார்க்ஸைப் பற்றியும் தேடிப் படியுங்கள். 1949-இல் நாஸ்காரின் முதல் ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக் (கடையில் விற்கும் கார்களை அப்படியே ஓட்டும் பிரிவு) சாம்பியன் பட்டத்தை ரெட் பைரன் என்ற ஓட்டுநர் வென்றது அவருடைய காரில்தான். போரில் இடது கால் சிதைந்துபோன பைரன் எப்படி கிளட்சை மிதித்தார் என்பது தனிக்கதை. அதை அடுத்து எழுதுகிறேன்.