யோபுவின் மனைவி

அன்புள்ள அக்காவுக்கு,

மார்த்தாண்டம் பக்கமிருந்து எழுதுகிறேன். பெயர் வேண்டாம். எங்கள் மகனுக்கு ஏழு வயது. ரத்தப் புற்றுநோய், லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா. பதினான்கு மாதமாகச் சிகிச்சை நடக்கிறது. இப்போது வீட்டில் மாத்திரைதான். என் மனைவி ஜெபிப்பதை விட்டுவிட்டாள். போன வாரம் ஜெபிக்க வந்த சபையாரை ‘பிள்ளை தூங்கணும்’ என்று வாசலோடு அனுப்பிவிட்டாள். வேதத்தில் சொத்தும் பிள்ளைகளும் போய் நோயில் கிடந்த யோபுவின் மனைவியைப் போலப் பேசுகிறாள். வீட்டில் அவிசுவாசம் இருந்தால் சுகம் தடைப்படும் என்கிறார் பாஸ்டர். மாத்திரையை நிறுத்தி விசுவாசத்தைக் காட்டுங்கள், கன்வென்ஷனில் சாட்சி சொல்லலாம் என்கிறார். அவளை எப்படி மீட்பது? இந்த நேரத்துக்கு எந்தச் சங்கீதம் வாசிக்கலாம்?

*

அன்புள்ள தம்பி,

முதலில் மாத்திரை. நிறுத்தாதீர்கள். இந்த நோய்க்குச் சிகிச்சை இரண்டு, மூன்று வருடம். முடி வளர்ந்து பையன் ஓடி விளையாடுகிற இந்தக் காலத்தில்தான் பலர் நிறுத்துகிறார்கள். ரத்தத்தில் தெரியவில்லை என்பதும் நோய் போய்விட்டது என்பதும் ஒன்றல்ல. நிறுத்தச் சொல்கிறவர் நாளைக்கு நோய் திரும்பினால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்களோடு படுக்கமாட்டார். அதையும் உங்கள் மனைவியின் அவிசுவாசக் கணக்கில் எழுதிவிட்டு அடுத்த கன்வென்ஷனுக்குப் போய்விடுவார். இதற்குமேல் இதைப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

பாவம், தண்டனை என்று யாராவது ஆரம்பித்தால் யோவான் ஒன்பதாம் அதிகாரத்தைக் காட்டுங்கள். பிறவிக் குருடனைப் பற்றி இயேசு சொன்னது: ‘இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல.’ போதும்.

ஆனால் யோபுவின் மனைவி என்று எழுதினீர்களே, அந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். பல வருடமாக அவளைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நம் பிரசங்கிகள் அவளை விட்டதே இல்லை. நான் சிறுவயதில் கேட்ட பெண்கள் கூட்டங்களில் பாதி அவளைத் திட்டுவதற்கென்றே நடந்தவை. ‘தேவனைத் தூஷித்து ஜீவனை விடும்’ என்று ஒரே ஒரு வசனம் பேசினாள், அவ்வளவுதான். (அந்த இடத்தில் எபிரெயத்தில் இருக்கிற சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘ஆசீர்வதி’. இடம் பார்த்துத் ‘தூஷி’ என்று கொள்கிறார்கள்.) இடிந்த வீட்டுக்குள் செத்த பத்துப் பிள்ளைகள் யோபுவுக்கு மட்டுமா பிள்ளைகள்? அவளுக்கும்தானே? நம் வேதாகமம் அதைப் பற்றி அவளை ஒரு வார்த்தை பேசவிடவில்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் மட்டும் அவளுக்கு ஒரு நீண்ட பேச்சு உண்டு. என் வயிற்று நோவெல்லாம் வீணாயிற்றே என்கிறாள். கூலிக்காரியாக வீடு வீடாக அலைகிறேன், பொழுது எப்போது சாயும், உடம்பு எப்போது ஓயும் என்று பார்த்திருக்கிறேன் என்கிறாள். அந்தப் பேச்சை எழுதிச் சேர்த்தவன் யாரோ, நோயாளி வீட்டில் நின்று பார்த்தவனாகத்தான் இருக்கவேண்டும்.

கடைசி அதிகாரத்தில் கர்த்தர் கோபித்துக்கொள்வது யாரை? அவளையா? இல்லை. வேதம் பேசிப்பேசி யோபுவை அறுத்த சிநேகிதர் மூன்று பேரை! ஆடு ஏழாயிரம் போய் பதினாலாயிரம் வந்தது. ஒட்டகம் மூவாயிரம் ஆறாயிரமானது. எல்லாம் இரட்டிப்பு. பிள்ளைகள் மட்டும் முன்போலவே ஏழு ஆண், மூன்று பெண். செத்தவர்கள் பரலோகத்தில் இருப்பதால் அதுவும் இரட்டிப்புதான் என்று கணக்குச் சொல்லும் பாஸ்டர்மார் உண்டு. பிள்ளையை மண்ணில் வைத்தவளிடம் போய் அந்தக் கணக்கைச் சொல்லட்டும். பிறகு பிறந்த அந்தப் பத்தையும் பெற்றவள் யார் என்று வேதம் சொல்லவில்லை. வேறொருத்தி வந்ததாகவும் இல்லை. அவள்தான் என்றால், அந்த வயதில் மறுபடி பத்துப் பிரசவம்.

என் தம்பிக்கு நாலு வயதில் காலையில் முகம் வீங்க ஆரம்பித்தது. சிறுநீரில் புரதம் போகிற நோய். நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்ற பெயரெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அப்பா சபையில் உபதேசியார். விடியும்முன் முழங்காலில் நின்று சத்தமாக ஜெபிப்பார். அம்மா அதே நேரம் அடுக்களையில் ஒரு கண்ணாடிக் குழாயில் தம்பியின் மூத்திரத்தை ஊற்றி, மேல்பாதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவாள். மேலே வெள்ளையாகத் திரியும். இரண்டு சொட்டு வினிகர் விட்டும் தெளியாவிட்டால் ஆல்புமின். எவ்வளவு திரிந்ததோ அவ்வளவு கூட்டல் குறி, ஒன்றிலிருந்து நாலு வரை. காகிதம் கையில் அகப்படாத ஒரு நாள் கீர்த்தனைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் போட்டாள், பிறகு அதுவே வழக்கமாயிற்று. நான் ரொம்ப நாள் அதெல்லாம் சிலுவை என்றே நினைத்திருந்தேன்.

ஒருநாள் அப்பா, “நீயும் வந்து முட்டுப்போடு” என்றார். அம்மா குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல், “நீங்க ஜெபிங்க, நான் மூத்திரம் காய்ச்சுகேன்” என்றாள்.

அப்பா அன்றைக்கு உங்களைப்போலத்தான் மனம் நொந்தார்.

தம்பிக்குச் சரியாகிவிட்டது, இப்போது லாரி ஓட்டுகிறான். இதைச் சாட்சியாக எங்கும் சொல்லிவிடாதீர்கள். வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்குழந்தை செத்துப்போனது. அதன் அம்மா எங்கள் வீட்டில் எல்லாரையும்விட நன்றாக ஜெபிப்பாள். அவளை எந்த மேடையிலும் யாரும் ஏற்றவில்லை.

உங்கள் மனைவி சபையாரைத் திருப்பி அனுப்பினது சரி. மருந்தில் வெள்ளை அணு இறங்கியிருக்கிற பிள்ளையைச் சுற்றிப் பத்துப்பேர் கைவைத்து ஜெபிக்கக் கூடாது. ஒருவருக்குச் சளி இருந்தால் போதும். அது உங்கள் மனைவிக்குத் தெரிந்திருக்கிறது, உங்களுக்குத் தெரியவில்லை.

ஏதோ கேட்டிருந்தீர்கள், அவரை எப்படி மீட்பது என்று. பையனுக்கு மாத்திரை எத்தனை மணிக்கு, வாரம் ஒருமுறை தருகிற மாத்திரை எந்தக் கிழமை, கடைசிப் பரிசோதனையில் வெள்ளை அணு எவ்வளவு? அவரிடம் கேட்காமல் எனக்கு எழுதுங்கள். சங்கீதத்தைப் பிறகு பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா