கேள்வி - பதில்: ‘வீட்டில்தானே இருக்கிறாய்!’

கேள்வி: இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். ‘உனக்கென்ன, கொடுத்து வைத்தவள்’ என்கிறார்கள். ஆனால் அலுவலகம் போய்வந்த காலத்தைவிட இப்போதுதான் அதிக நேரம் உழைக்கிறேன் என்று தோன்றுகிறது. இது என் பிரமையா சார்?

பதில்: பிரமையே இல்லை. சீனாவில் சிட்ரிப் என்று ஒரு பயண முன்பதிவு நிறுவனம். அதன் கால் சென்டரில் 2010 டிசம்பரில் தொடங்கி ஒன்பது மாதம் ஒரு சோதனை நடத்தினார்கள். விருப்பப்பட்டவர்களில் பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்களுக்கு வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை, ஒற்றைப்படைக்காரர்கள் வழக்கம்போல அலுவலகம். வீட்டிலிருந்தவர்கள் முடித்த வேலை 13 சதவீதம் கூடியது. இதைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அந்த 13-இல் 9, அவர்கள் அதிக நிமிடம் வேலை செய்ததால் வந்தது. எழுந்து போவது குறைந்தது, உடம்புக்கு முடியவில்லை என்று லீவு எடுப்பதும் குறைந்தது. சத்தமில்லாத இடத்தில் உட்கார்ந்து சுறுசுறுப்பாக முடித்தது என்று பார்த்தால் மீதி 4 மட்டும்தான். வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள் என்பதும் உண்மை, சோதனை முடிந்ததும் வீட்டிலிருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் ‘தனியாக இருக்க முடியவில்லை’ என்று அலுவலகத்துக்கே திரும்பினார்கள் என்பதும் உண்மை.

உங்களுக்கு மிச்சமான பயண நேரம் எங்கே போனது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்தேன். முக்கால்வாசி, வேலைக்குள்ளேயே போயிருந்தது! அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தமும் ‘கிளம்பலாமா?’ என்ற கேள்வியும்தான் நம் கடிகாரம். வீட்டில் அதை யார் கேட்பது? இரவு தண்ணீர் குடிக்க எழுந்தால் மேஜை மேல் பாதி மூடிய லேப்டாப், ஓரத்தில் குட்டி விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். ‘ஒரே ஒரு மெயில்’ என்று விரல் அதுவாகவே மூடியைத் தூக்கும், அப்புறம் ஒரு மணி நேரம் காலி. இப்போது நான் லேப்டாப்பைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடி அலமாரி உச்சியில் வைத்துவிடுகிறேன். ஸ்டூல் போட்டு ஏறுகிற சோம்பலில் பல மெயில்கள் காலைவரை காத்திருக்கின்றன, ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

பிரான்ஸில் 2017 ஜனவரி முதல் இதற்குச் சட்டமே இருக்கிறது. 50 பேர், அதற்கு மேல் உள்ள நிறுவனங்கள், வேலை நேரம் முடிந்தபின் மெயில், போனிலிருந்து ஊழியர் விலகியிருக்கும் உரிமை பற்றி அவர்களோடு பேசியாக வேண்டும். நமக்கு இப்போதைக்கு ஸ்டூல்தான்.

கேள்வி: மீட்டிங்கில் இருக்கும்போதே ‘வீட்டில்தானே இருக்கிறாய், கொஞ்சம் வந்துட்டுப் போ’ என்கிறார்கள். கோபம் வருகிறது.

பதில்: வரத்தான் செய்யும். ஆனால் அவர்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறது? ஒருத்தி திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். யோசிப்பது வெளியே வேலை மாதிரித் தெரியாது. ஹெட்போன் காதில் இருந்தால் கூப்பிடக் கூடாது, கழுத்தில் கிடந்தால் கூப்பிடலாம் என்று ஒரு ஏற்பாடு வையுங்கள், பத்து நாளில் குழந்தைகள்கூடப் பழகிவிடும்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் வீட்டில் கதவு உள்ள அறை யாருக்கு? கணவனும் மனைவியும் இரண்டு பேரும் வீட்டிலிருந்து வேலை செய்கிற பல இடங்களில் பார்த்துவிட்டேன், அவர் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங்கில் இருப்பார், இவர் எல்லோரும் போகவர இருக்கும் மேஜையில் ஒரு கையால் டைப் அடித்துக்கொண்டு மறு கையால் வாசல் மணிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். சிறு குழந்தையோ முதியவரோ உள்ள வீட்டில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது பெரிய வரம், வேலையை விட்டிருக்க வேண்டிய எத்தனையோ பெண்கள் இதனால் விடாமல் இருக்கிறார்கள். ஆனால் அறையை முறை வைத்து மாற்றிக்கொள்ளாவிட்டால் ஒரே நேரத்தில் இரண்டு வேலை உங்கள் தலையில்தான்.

கேள்வி: கண்ணில் படாமல் இருந்தால் பதவி உயர்வு கிடைக்காது என்கிறான் நண்பன்.

பதில்: நண்பன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. மேலே சொன்ன சோதனையிலேயே, அதே அளவு வேலை காட்டியும் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகத்தான் கிடைத்தது. பிறகு அதே நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீடு என்று சோதித்தார்கள். 2024-இல் முடிவு வெளிவந்தது. பதவி உயர்வில் வித்தியாசமே இல்லை, ராஜினாமாக்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அதனால் பாதி பாதி கிடைத்தால் விடாதீர்கள். இது உங்கள் முதல் வேலை என்றால் முழுக்க வீட்டிலேயே இருக்காதீர்கள் என்பேன். கோபமான வாடிக்கையாளரிடம் சீனியர் எப்படிப் பேசுகிறார் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து காதில் வாங்கித்தான் கற்க முடியும், அதற்கு யாரும் மீட்டிங் போட மாட்டார்கள்.

கேள்வி: வீடியோ மீட்டிங் முடிந்தால் உடம்பை முறித்துப் போட்டது போல இருக்கிறதே?

பதில்: ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் இதைப் பற்றி எழுதினார். நாள் முழுக்க நம் முகத்தையே நாம் பார்ப்பது அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று. ஒருவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்கக் கூடவே வந்தால் எப்படி இருக்கும்! நம் முகத்தை நமக்கு மட்டும் மறைக்கும் வசதி பல செயலிகளில் இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கழுத்து வலி...

பதில்: லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. திரையை உயர்த்தினால் கை நோகும், இறக்கினால் கழுத்து. தனி கீபோர்டு வாங்கிக்கொண்டு, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்வரை கீழே தடித்த புத்தகங்களை அடுக்குங்கள். அதற்கும் வலி போகாவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: மதியம் கொஞ்சம் தூங்கினால் மேலதிகாரிக்குத் தெரியுமா?

பதில்: மவுஸ் அசைகிறதா என்று பார்க்கும் மென்பொருள் இருக்கிறது. அதை ஏமாற்ற மவுஸைத் தானே நகர்த்தும் குட்டிச் சாதனம் விற்கிறது. அந்தச் சாதனத்தைக் கண்டுபிடிக்கவும் மென்பொருள் வந்துவிட்டது. இவ்வளவு பாடு எதற்கு? காலண்டரில் ‘இடைவேளை, 30 நிமிடம்’ என்று போட்டுவிட்டுத் தூங்குங்கள். அலாரம் வைக்க மறக்க வேண்டாம்.